ஈரல்வாயினாளத்தின் உயரமுக்கமும் மாற்றுவழிச் சிகிச்சையும்

மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தல் கூடுமோ என்னும் வினா எமது நாட்டிற்குப் புதியதொன்றன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் இருந்து தொண்டாற்றிய கிறீன் வைத்தியர், தம் மாணவர்க்கு உடற்கூற்றையும் சத்திர வைத்தியத்தையும் தமிழிலேயே போதித்து, நூல்களும் ஆக்குவித்து, அது கூடும் என்பதைச் செய்து காட்டினார். அவ்வழியை நினைவிற் கொண்டே, எமது கல்லூரியின் ஆண்டுநிறைவு மலருக்கு வைத்தியத்துறை சார்ந்த ஒரு பொருளை எழுத எடுத்துக்கொண்டோம். பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்க்கு இதிற் புதியது சிறிதாகவே இருக்கும். ஏனையோர்க்கும், வைத்தியம் பயில விழையும் மாணவர்க்கும், ஒரு நோயின் இயல்பையும் அதனைத் தீர்க்க மனிதர் நூற்றாண்டுக்கு மேலாகப் பட்ட பாட்டையும் அறிதல் பயன்தரும் என நம்புகிறோம்.

நேற்றுவரை தம் கடமைகளைச் செய்துவந்த ஒருவர், இன்று திடீரென வாய் நிறைய இரத்தம் கக்குகிறார். நோவில்லை, காய்ச்சலில்லை, முன்னறிவிப்புமில்லை. வீட்டார் குடற்புண் என்று எண்ணுவர். வைத்தியசாலையிற் பரிசோதித்தபோது தெரிவது யாதெனின், குற்றம் இரைப்பையிலன்று, ஈரலில் என்பதாகும். ஈரலின் நோய் களத்தில் ஏன் இரத்தமாய் வெடிக்கிறது? இதனை விளங்கிக்கொள்ளின் பின்வருவனவெல்லாம் எளிதில் விளங்கும்.

நாளமும் அமுக்கமும்

உடலின் ஏனைய நாளங்கள் உறுப்புகளிலிருந்து இரத்தத்தைத் திரட்டி நேரே இருதயத்திற்குக் கொண்டு செல்வன. ஈரல்வாயினாளம் அவ்வாறன்று. குடலிலிருந்து வரும் நாளமும் மண்ணீரலிலிருந்து வரும் நாளமும் சதையிக்குப் பின்னே ஒன்றுகூடி இந்நாளம் ஆகின்றது. ஆகிய பின் அது ஈரலுள் நுழைந்து மீண்டும் மயிர்க்குழாய்களாகப் பிரிகின்றது. உண்ட உணவின் சத்தும், அதனோடு கலந்துவரும் நஞ்சும், முதலில் ஈரலென்னும் பரிசோதனைச் சாவடியைக் கடந்தே உடலுட் செல்லவேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்நாளத்தின் வழியே வருகின்றது; எஞ்சியது ஈரல் நாடியின் வழியே வருகின்றது.

நலமுள்ள ஈரல் கடற்பஞ்சு போன்று மென்மையானது. ஆதலின் இரத்தம் சிரமமின்றி அதனூடே செல்லும். ஈரல்வாயினாளத்திற்கும் ஈரலைவிட்டு வெளிச்செல்லும் ஈரல் நாளத்திற்கும் உள்ள அமுக்க வேறுபாடு இரசமானியில் 5 மில்லிமீற்றருக்கு மேற்படாது. மதுப்பழக்கத்தாலோ, 'பி', 'சி' என்னும் வகை வைரசுகளாலோ, நீரிழிவும் உடற்பருமனும் சேர்ந்து வளர்க்கும் கொழுப்பாலோ ஈரல் நெடுங்காலம் புண்பட்டு ஆறுமாயின், ஆறிய இடமெல்லாம் தழும்பாகும். தழும்பு பெருகி ஈரல் முடிச்சு முடிச்சாய் இறுகும் நிலையைச் 'சிரோசிஸ்' என்பர். அப்போது இரத்தத்தின் வழி நெருக்குண்கின்றது.

வன்னிக் குளங்களைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. துருசு அடைபட்ட குளத்திற்கு மழைநீர் ஓயாது வந்து சேருமாயின் நீர்மட்டம் உயரும்; பின் வான் பாயும்; அதுவும் போதாதாயின் அணைக்கட்டின் மெலிந்த இடத்தை உடைத்துக்கொண்டு புறப்படும். அவ்வாறே அமுக்க வேறுபாடு 10 மில்லிமீற்றரைத் தாண்டியபின், இரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு இருதயத்தை அடைய வேறு வழி தேடுகின்றது. களத்தின் அடியிலும் இரைப்பையின் மேற்புறத்திலும் உள்ள நூல் போன்ற நாளங்கள் புடைத்து நெளிந்து பருக்கின்றன. 12 மில்லிமீற்றரைத் தாண்டிய நிலையில் அவை வெடித்தலும் கூடும். அன்றியும், வயிற்றறையில் நீர் கசிந்து தேங்கும். எமது முன்னோர் மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் வழங்கிய நோயின் பெரும்பகுதி இதுவேயாம். மண்ணீரலும் வீங்கும்.

எக்கின் நாய்களும் பாவ்லோவின் படிப்பினையும்

அடைபட்ட குளத்திற்குப் பக்கத்தே ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வெளியேற்றலாமன்றோ என்னும் எண்ணம் எவர்க்கும் தோன்றுவதே. 1877இல் உருசிய இராணுவச் சத்திர வைத்தியர் நிக்கொலாய் எக் என்பார், ஈரல்வாயினாளத்தைக் கீழ்ப்பெருநாளத்தோடு பொருத்தி, இரத்தம் ஈரலிற் புகாது நேரே இருதயத்திற்குச் செல்லும்படி எட்டு நாய்களிற் செய்து பார்த்தார். ஏழு விரைவில் மாண்டன. எட்டாவது பிழைத்து, சில காலத்தின் பின் ஆய்வுகூடத்தை விட்டு ஓடிவிட்டது. வழி வெட்டுதல் இயலும் என்பதை மட்டும் அவ்வாய்வு நிறுவியது.

வெட்டிய வழியின் விலை யாது என்பதைப் பின்னர் நிறுவியவர், சமிபாட்டு ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற பாவ்லோவ் ஆவார். அவரும் அவர்தம் கூட்டத்தாரும் 1893இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு மாற்றுவழி பொருத்தப்பட்ட நாய்களைக் கூர்ந்து நோக்கினர். சாதுவாயிருந்த நாய்கள் சினமுற்றன, தள்ளாடின, வலிப்புற்றன, சில மயங்கி வீழ்ந்தன. இறைச்சி உண்டபோது இக்குணங்கள் மிகுந்தன. ஈரலிற் புகுந்து தூய்மையாகவேண்டிய அமோனியா முதலிய நஞ்சுகள் காவலின்றி மூளையைச் சேர்ந்தமையே காரணம். ஈரலைத் தவிர்த்துச் செல்லும் எவ்வழியும் மூளைக்கு ஓர் ஆபத்து என்னும் இப்படிப்பினை, இன்றும் இச்சிகிச்சையின் மையத்தில் நிற்கின்றது.

சத்திர சிகிச்சைக் காலம்

1945இல் நியூயோர்க்கைச் சேர்ந்த விப்பிள், பிளேக்மோர் என்னும் சத்திர வைத்தியர்கள் இம்முறையை மனிதரில் ஒழுங்காகச் செய்து, பெற்ற பயனை வெளியிட்டனர். இரத்தப் பெருக்கு நின்றது. உலகெங்கும் இச்சிகிச்சை பரவிற்று. ஆயினும் 1960களில் நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் ஆர்வத்தைத் தணித்தன. இரத்தம் கக்காதவர்க்கு முற்காப்பாக இதனைச் செய்தல் ஆயுளை நீட்டவில்லை. இரத்தப் பெருக்கால் இறப்பார் குறைந்தனர். ஈரல் ஒடுங்கியும் மூளை மயங்கியும் இறப்பார் கூடினர்.

இக்குறையைத் தீர்க்கக் கருதி 1967இல் அமெரிக்கரான வறென் என்பாரும் துணைவரும் வேறொரு வழி கண்டனர். மண்ணீரல் நாளத்தை மட்டும் இடச் சிறுநீரக நாளத்தோடு இணைத்து, களத்தின் புடைத்த நாளங்களின் சுமையை இறக்கி, குடலிலிருந்து வரும் இரத்தத்தை ஈரலுக்கே விட்டுவைப்பது அம்முறை. அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடு. ஈரலின் தொழில் நன்கிருக்கும் தெரிந்தெடுத்த நோயாளர்க்கும், ஈரல்வாயினாளம் அடைபட்ட சிறார் சிலர்க்கும் சத்திர முறைகள் இன்றும் உதவுகின்றன. ஆனால் இரத்தம் இழந்து, ஈரலும் தளர்ந்து கிடக்கும் ஒருவரின் வயிற்றைத் திறந்து பல மணிநேரம் சிகிச்சை செய்தல் அவர் தாங்கக்கூடியதன்று. வயிற்றைத் திறவாமலே வழி வெட்ட இயலாதா?

கழுத்தின் வழியே ஈரலுக்கு

இவ்வினாவுக்கு விடை தந்தவர் சத்திர வைத்தியரல்லர், கதிரியல் வல்லுநர். செக் நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய யோசப் றோஷ் என்பார், கழுத்து நாளத்தின் வழியே ஈரலுட் சென்று, அதன் உள்ளேயே ஈரல் நாளத்திற்கும் ஈரல்வாயினாளக் கிளைக்கும் இடையே வழி திறக்கலாம் என்பதை 1969இல் விலங்குகளிற் காட்டினார். 1982இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில் கொலப்பின்ரோ என்பார் நோயாளரில் பலூன் கொண்டு அவ்வழியை விரித்தார். ஆனால் ஈரலின் தசை மீண்டும் நெருங்கி வழியை மூடிற்று. மூடாது தாங்கும் உலோக வலைக்குழாய் கிடைத்தபின், 1988இல் ஜெர்மனியின் பிரைபேர்க் நகரில் றிக்டர் முதலியோர் அதனை மனிதரிற் பொருத்தினர். 'டிப்ஸ்' என்று இன்று வழங்கும் சிகிச்சை இதுவே. வெறும் வலைக்குழாய்கள் பல நோயாளரில் ஓராண்டுக்குள்ளேயே ஒடுங்கின. 2000ஆம் ஆண்டினை அடுத்து, மெல்லிய செயற்கைச் சவ்வினால் உள்வரியிட்ட குழாய்கள் வந்தபின் அக்குறை பெரிதும் நீங்கிற்று.

யார்க்குச் செய்தல் வேண்டும்?

இரத்தம் கக்கிய எல்லார்க்கும் இச்சிகிச்சை வேண்டுவதன்று. முதலில் இரத்தமேற்றல், நாளங்களைச் சுருக்கும் மருந்து, கிருமியெதிர் மருந்து என்பன கொடுத்து, உள்நோக்குக் கருவியை வாய்வழியே செலுத்திப் புடைத்த நாளங்களை இறப்பர் வளையங்களாற் கட்டுவர். இரத்தமேற்றுதலிலும் நிதானம் வேண்டும். ஈமோகுளோபின் 7 தொடக்கம் 8 கிராம் அளவில் நிற்குமாறு ஏற்றுதலே நன்று. மிகையாக ஏற்றின் அமுக்கம் உயர்ந்து மீண்டும் வெடிக்கும். பெரும்பாலோர்க்கு இவ்வளவில் இரத்தம் நிற்கும்.

நில்லாதவர்க்கும், நின்று மீண்டும் தொடங்குவோர்க்கும், மருந்துக்கும் உப்புக் கட்டுப்பாட்டிற்கும் அடங்காது வயிற்றில் நீர் நிறைவோர்க்கும் டிப்ஸ் உரியது. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இன்னொரு பிரிவினரையும் சேர்த்தது. மீண்டும் இரத்தம் பெருகும் ஆபத்து மிக்க 63 நோயாளரை அவ்வாய்வு எடுத்துக்கொண்டது. இரத்தப் பெருக்கு நின்றவர்க்கும் காத்திராது 72 மணிநேரத்துள் வலைக்குழாய் பொருத்தியபோது, ஓராண்டின் பின் 100க்கு 86 பேர் உயிரோடிருந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோருள் 61 பேரே இருந்தனர். காலத்தே செய்தலும் ஒரு மருந்தே என்பதை இது உணர்த்துகின்றது.

நோயாளரை ஆயத்தம் செய்தல்

இச்சிகிச்சையின் வெற்றி பெரும்பாலும் ஊசி எடுக்குமுன்னரே முடிவாகிவிடுகின்றது. ஆயத்தத்தில் ஆராயவேண்டியவை நான்கு.

முதலாவது ஈரலின் வலு. பித்தநிறமி, அல்புமின், இரத்தம் உறையும் காலம், வயிற்றுநீர், மனத்தெளிவு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளி இட்டுக் கூட்டுவது 'சைல்ட்–பியூ' முறை. 5 அல்லது 6 பெறுவோர் நல்ல நிலையினர். 10க்கு மேற்பட்டோர் நலிந்தோர். 13க்கும் மேற்பட்டோர்க்கு இச்சிகிச்சை உதவுதல் அரிது. பித்தநிறமி, கிரியற்றினின், உறைகாலம் என்பவற்றைக் கொண்டு கணிக்கும் 'மெல்ட்' எண் மற்றொன்று. ஈரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்போரை வரிசைப்படுத்த இன்று உலகெங்கும் பயன்படும் இவ்வெண், முதன்முதல் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தாரால், டிப்ஸ் செய்தபின் யார் பிழைப்பார் என்பதை முன்னறியவே ஆக்கப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. 18க்கு மேற்பட்ட எண் எச்சரிக்கையாகும்.

இரண்டாவது இருதயம். வழி திறந்த கணத்தில் இதுவரை தேங்கியிருந்த இரத்தம் வெள்ளமாய் இருதயத்தின் வலப்புறத்தை அடையும். தளர்ந்த இருதயம் அதனைத் தாங்காது. ஆதலின் ஒலியலைக் கருவியால் இருதயத்தைப் பரிசோதியாது இதனைத் தொடங்கலாகாது. உயிர் போகும் இரத்தப் பெருக்கு மட்டுமே விலக்கு. இருதயத் தளர்ச்சியும் நுரையீரல் நாடியின் கடும் உயரமுக்கமும் உள்ளோர்க்கு இச்சிகிச்சை ஆகாது.

மூன்றாவது மூளை. முன்னர்த் தானாகவே மனக்குழப்பம் உற்றவரா, பகலில் உறங்கி இரவில் விழிப்பவரா, கையெழுத்து மாறியவரா என்று வீட்டாரை வினவுதல் வேண்டும். நோயாளர் தாமே இதனை அறியார். மனைவியோ மக்களோ கூறுவதே உண்மையாயிருக்கும். பாவ்லோவின் நாய்களை இங்கே மறத்தலாகாது.

நான்காவது நாளங்களின் நிலப்படம். ஒலியலைப் படமும் சாயமேற்றி எடுக்கும் கணினி ஊடுகதிர்ப் படமும் கொண்டு, ஈரல்வாயினாளம் திறந்துளதா, இரத்தக்கட்டி உளதா, செல்லும் வழியிற் புற்றுக்கட்டியோ நீர்ப்பையோ உளதா, பித்தக்குழாய் அடைபட்டு வீங்கியுளதா என்பவற்றை அறிவர். அடைபட்ட பித்தக்குழாயும் அடங்காத கிருமித்தொற்றும் முன்னர்த் தீர்க்கப்படவேண்டியவை.

இவையன்றி, வயிற்றுநீர் மிகுந்திருப்பின் அதனை வடித்துவிடுதல் நன்று. பெருமளவு வடிக்கும்போது வடித்த ஒவ்வோர் இலீற்றருக்கும் ஏறத்தாழ 8 கிராம் அல்புமின் நாளவழியே கொடுப்பர். இன்றேல் சிறுநீரகம் தளரும். பொருத்தமான இரத்தம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக நோயாளருக்கும் குடும்பத்தார்க்கும் உண்மையை உரைத்தல் வேண்டும். 'குழாய் வைத்தால் எல்லாம் சுகமாகும்' என்று கூறுதல் உண்மையன்று. அமுக்கம் குறையும், ஈரலின் நோய் அவ்வாறே இருக்கும், மூவருள் ஒருவர்க்கு அளவில் மனக்குழப்பம் வரலாம். இதனை அறிந்து இசைவு தருதலே இசைவாகும்.

செய்முறை

நோயாளரை மயக்கி, ஊடுகதிர்த் திரையின் கீழ் மல்லாந்து கிடத்துவர். கழுத்தின் வலப்புற உள்நாளத்தை ஒலியலைக் கருவியாற் கண்டு ஊசியிட்டு, அதன்வழி நீண்ட குழாயொன்றைச் செலுத்துவர். அது மேற்பெருநாளம், இருதயத்தின் வலச்சோணை, கீழ்ப்பெருநாளம் என்பவற்றைக் கடந்து வல ஈரல் நாளத்தை அடையும். சோணையைக் கடக்கும்போது நாடித்துடிப்பு பிறழக்கூடும்; ஆதலால் துடிப்பைக் காட்டும் திரையில் ஒருவர் கண்வைத்திருப்பர். அங்கங்கே அமுக்கத்தை அளந்து குறித்துக்கொள்வர். பின் ஈரல் நாளத்திலிருந்து காபனீரொட்சைட்டு வாயுவைப் பின்னோக்கிச் செலுத்த, ஈரல்வாயினாளத்தின் கிளைகள் திரையில் நிழலாய்த் தோன்றும்.

அடுத்ததே அரிய கட்டம். வல ஈரல் நாளத்திற்கு முன்னும் கீழுமாக ஈரல்வாயினாளத்தின் வலக்கிளை உளது. ஆகவே வளைந்த ஊசியை முன்புறம் திருப்பி, ஈரற்றசையை ஊடுருவிச் செலுத்துவர். பின்னர் மெல்லப் பின்வாங்கியவாறு உறிஞ்ச, இரத்தம் வருமிடத்திற் சாயம் ஏற்றி, அது ஈரல்வாயினாளமே என உறுதி செய்வர். நாடியையோ பித்தக்குழாயையோ துளைத்திருத்தலும் கூடும். ஈரலின் உறையைத் துளைத்து வெளியேறினும், ஈரலுக்குப் புறத்தேயுள்ள நாளத்தைத் துளைத்து அதனை விரிப்பினும், வயிற்றறையுள் இரத்தம் பெருகும். கைத்திறன் வாய்ந்தோரும் இவ்விடத்தில் அவசரப்படார்.

சரியான கிளையை அடைந்தபின், மெல்லிய கம்பியொன்றை உட்செலுத்தி, அமுக்க வேறுபாட்டை அளந்து, ஈரற்றசையிற் பிறந்த வழியைப் பலூனால் விரித்து, வலைக்குழாயைப் பொருத்துவர். குழாயின் கீழ்நுனியில் சவ்வில்லாத 2 சதமமீற்றர் பகுதி ஈரல்வாயினாளத்துள் நிற்கும். இரத்தம் பக்கக் கிளைகளுக்கும் செல்வதற்காக அவ்விடம் வலையாகவே விடப்பட்டது. சவ்விட்ட பகுதி ஈரற்றசையைக் கடந்து, ஈரல் நாளம் பெருநாளத்தைச் சேருமிடம் வரை எட்டவேண்டும். குறுகின் மேல்நுனி ஒடுங்கும்.

குழாயை எவ்வளவு விரிப்பது? இங்கேதான் முழுச் சிகிச்சையின் தத்துவமும் அடங்கியுளது. அகல விரிப்பின் இரத்தப் பெருக்கு நிற்கும், மூளை கெடும். குறுக விடின் மூளை தெளிந்திருக்கும், இரத்தம் மீண்டும் பெருகும். ஆதலின் முதலில் 8 மில்லிமீற்றர் அளவே விரித்து, அமுக்க வேறுபாட்டை மீண்டும் அளப்பர். 12க்குக் கீழ் வந்ததாயின் அவ்வளவில் நிறுத்துவர். வாராதாயின் 10 மில்லிமீற்றர் வரை விரிப்பர். இரத்தம் பெருகிய நாளங்களைச் சுருட்கம்பியோ பசையோ இட்டு அடைத்தலும் உண்டு.

பின்னர்ப் பேணுதல்

முதல் நாட்களில் நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீர், மனத்தெளிவு என்பவற்றைத் தாதியர் இடையறாது கவனிப்பர். குடலைச் சுத்தமாக்கி அமோனியாவைக் குறைக்கும் இலக்ருலோசு என்னும் பாகு மருந்து பலர்க்குக் கொடுக்கப்படும். றிவக்சிமின் என்னும் மருந்தைச் சிகிச்சைக்கு இரு வாரம் முன்னரே தொடங்கின் மனக்குழப்பம் குறையும் என 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டிற்று. மருந்துக்கு அடங்காத குழப்பமாயின், குழாயினுள் இன்னொரு சிறு குழாயை வைத்து வழியை ஒடுக்கலாம். ஒலியலைக் கருவியால் குழாயின் ஓட்டத்தைக் காலந்தோறும் பார்த்தலும், ஈரற் புற்றுக்காக ஆறு மாதத்திற்கொருமுறை பரிசோதித்தலும் விடலாகாதன.

உணவைப் பற்றி ஒரு சொல். முற்காலத்தில் பாவ்லோவின் ஆய்வைத் துணைக்கொண்டு நோயாளர்க்குப் புரதத்தைப் பெரிதும் குறைத்தனர். அது பிழையென இன்று தெளிந்துளோம். புரதம் குறையின் தசை உருகும். அமோனியாவை அழிக்கத் தசையும் துணைபுரிவதால் குழப்பம் மிகும். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 தொடக்கம் 1.5 கிராம் புரதம் வேண்டும். பயறு, பருப்பு, தயிர் முதலியவற்றின் புரதத்தை இந்நோயாளர் இறைச்சிப் புரதத்தினும் நன்கு ஏற்கின்றனர். எமது மரபுணவு இதற்கு இயல்பாகவே ஏற்றது. இரவில் நெடுநேரம் வெறுவயிற்றோடு கிடவாது, படுக்குமுன் சிறிது உண்ணுதலும் நன்று.

முடிவுரை

வெட்டிய வழி எவ்வளவு செம்மையாயினும் அது ஈரலைப் புதுப்பிப்பதன்று. சிலர்க்கு அது ஈரல் மாற்றுச் சிகிச்சை வரை உயிரைக் கொண்டுசெல்லும் பாலம். சிலர்க்கு இரத்தமின்றிக் கழியும் சில ஆண்டுகள். இரண்டும் சிறியனவல்ல. ஆயினும் அடைபடாத துருசே நல்ல துருசு. பழைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. மதுவை விடுங்கள், நீரிழிவையும் உடற்பருமனையும் அடக்குங்கள், 'பி' வகை ஈரலழற்சிக்குத் தடுப்பூசி உண்டு, அதனை இட்டுக்கொள்ளுங்கள், மலம் தார்போற் கருத்தாலோ, வயிறு காரணமின்றிப் பருத்தாலோ, நாளைக்கென்று பிற்போடாது வைத்தியரை நாடுங்கள். ஈரல் நோயென்று அறிந்தவர் வைத்தியரைக் கேளாது வலிமாத்திரை விழுங்கலாகாது.

மாணவர்க்குக் கூறுவது வேறு. ஒரு நாயின் தப்பியோட்டத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, மனிதரின் கழுத்து நாளத்தில் வந்து நிற்க 111 ஆண்டு சென்றது. இடையிலே பெரியோர் பலர் தாம் கண்ட முறையின் குறையைத் தாமே எழுதி வெளியிட்டனர். அடுத்தவர் அதிலிருந்து தொடங்கினர். தோல்வியை மறையாது எழுதிவைத்த அந்நேர்மையே இக்கலையை வளர்த்தது. எமது கல்லூரியிலிருந்து வைத்தியத்துறை புகும் இளைஞரும் அந்நேர்மையைக் கைக்கொண்டு இப்பணியிற் சேர்வாராக.